மூன்று சீட்டுக்கு அடியில் ஒரு குரல்

"டேய், இது சோறு வடிக்கிற நேரம். ரெக்கார்ட வேக வைக்கிற நேரமில்ல. எடுடா அத!"

தாயாரம்மாள் கரண்டியை ஓங்கினாள். செங்கல்வராயன் அசையவில்லை. ஈரத்துணியில் சுற்றிய சின்ன இசைத்தட்டு ஒன்றைக் கொதிக்கும் பானைக்கு மேல் இரண்டு கைகளாலும் பிடித்து, நடுவட்டத்தில் மட்டும் ஆவி படும்படி காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா. சீட்டு ஓரத்துல எழும்பிக்கினு வருது."

"சாயந்திரம் நாலு மணிக்கு மீஞ்சூர்ல பொண்ணு பாக்கணும். தலைக்கு எண்ணெ வெச்சு குளிச்சியா? சட்டைய இஸ்திரி போட்டியா? காலங்காத்தால அடுப்பாண்ட வந்து குந்திக்கினு, ஊரான் ரெக்கார்டுக்கு ஒத்தடம் குடுக்கறான்."

செங்கல்வராயனுக்குத் திருவள்ளூர்த் தேரடியில் மைக்செட் கடை. அம்மா பேரில் 'தாயார் சவுண்ட் சர்வீஸ்'. கல்யாணம், காதுகுத்து, காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஆயுதபூஜை என்றால் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்கள்தான் கத்தும். அவை கத்துகிற நேரத்தில் அவன் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துக்கொண்டிருப்பான். பனி கொட்டும். குதிரை வண்டி போகும். மாடி ஜன்னலில் ஒரு பெண் நின்றுகொண்டு கைக்குட்டையில் இருமுவாள். இருபத்தெட்டு வயதுவரை அவன் பனிக்கட்டியை ஐஸ்காரன் பெட்டியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் அவள் குரல் கிடைத்தது.

அது ஒரு ஃபாக்டரி ஃபோர்மேன் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் ஒரு மைக்செட் வைத்தார்கள். விட்டுக்கொடுக்கக் கூடாதென்று மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு மைக்செட் வைத்தார்கள். பெண் வீட்டு மைக்செட் உள்ளூர் முனிகிருஷ்ணனுடையது, மாப்பிள்ளை வீட்டுடையது செங்கல்வராயனுடையது. இரண்டு பேரும் ஒரே பந்தலில் எதிரெதிராக உட்கார்ந்து சினிமாப் பாட்டுகளால் அடித்துக்கொண்டதில் பெட்டிகள் கலந்துபோயின. விடிந்து, முகூர்த்தத்துக்கு முன்னால் ஏதாவது மங்களகரமாகப் போடலாம் என்று பெட்டிக்குள் கைவிட்டபோது, அவன் வாங்கியிராத ஒரு தட்டு வந்தது. சின்னத் தட்டு. சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து சுற்று வேகம் என்று மைக்செட்காரன் கை தானாகவே குமிழைத் தள்ளியது. முள் இறங்கியது.

ஒரு பெண் பாடினாள்.

வார்த்தையே இல்லை. வெறும் ராக ஆலாபனை. பின்னால் ஒரு வயலின் குளவியைப் போல் ரீங்கரித்தது. அவளோ சட்டைகூடச் செய்யாமல் மேலே மேலே ஏறிப் போனாள். நடுவில், ஒரு பெரிய இறக்கத்துக்குப் பிறகு, சின்னதாக ஒரு இருமல். பூனைக்குட்டி தும்மியதைப் போல.

செங்கல்வராயன் மடியிலிருந்த நாவல் கீழே விழுந்தது. இருமுகிறாள்!

அதன்பிறகு எந்த மைக்செட்காரனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ரெக்கார்டு கைக்கு வந்த உடனே நடுவட்டத்தில் கடைச்சீட்டை ஒட்டிவிடுவது தொழில் வழக்கம். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. ஒட்டினால் ஒட்டினதுதான். சீட்டு யாருடையதோ, தட்டும் அவனுடையதுதான். அதில் ஏற்கெனவே இருந்த முனிகிருஷ்ணன் சீட்டின் மேல் தன் சீட்டை ஒட்டிப் பெட்டியை மூடினான்.

பாடியவள் யார் என்பது மட்டும் தெரியவில்லை. தட்டின் மறுபக்கம் ஆணியால் கீறியதுபோல் பாழாகியிருந்தது. வீரராகவப் பெருமாள் கோயில் தெருவில் இருந்த நாதஸ்வரக்காரர் மணவாளனைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"தோடி. சந்தேகமே இல்ல. பிருகா இன்னா வேகமா வுழுது பாரு! ஆனா ஒண்ணு தம்பி. சுருதி நாலரைக் கட்டையும் இல்ல, அஞ்சும் இல்ல. நடுவுல எங்கியோ நிக்குது. ஆர்மோனியத்துல அப்படி ஒரு கட்டையே கெடையாது."

"அப்ப இது யாருங்க?"

"மனுஷங்க யாரும் இந்தச் சுருதியில பாட மாட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் வெற்றிலையை மடித்தார்.

செங்கல்வராயனுக்கு வேறென்ன வேண்டும்! அந்த மூன்று மாதத்தில் அம்மா காட்டிய மூன்று பெண்களையும் வேண்டாம் என்றான். ஊத்துக்கோட்டைப் பெண் நல்ல அழகு. காபி கொடுத்து, "எடுத்துக்குங்க" என்றாள்.

"அந்த ஒரு வார்த்தையில சுருதி இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"சுருதி வேணும்னா ஆர்மோனியத்தக் கட்டிக்கோடா!" என்று தாயாரம்மாள் பஸ் ஸ்டாண்டில் வைத்தே கத்தினாள். பிறகு மகன் மனம் கோணக் கூடாதென்று தரகரிடம் தனியாகப் பேசி, மீஞ்சூர் இடத்தைப் பிடித்தாள். "சங்கீதம் தெரிஞ்ச குடும்பமாம் நைனா. இதையும் வாணாம்னா நான் செங்குன்றத்துல எங்கண்ணன் ஊட்டுக்கே போய்டறேன். உனக்கு அந்த ரெக்கார்டே சோறாக்கிப் போடட்டும்."

"சரிம்மா. ஞாயித்துக்கெழம சாயந்திரத்துக்குள்ள பாடினது யாருன்னு நான் கண்டுபிடிக்கலன்னா, நீ காட்டற பொண்ணுக்குக் கண்ண மூடிக்கினு தாலி கட்டறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

மேலே இருந்த அவன் சீட்டு கழன்றது. அதற்கடியில் முனிகிருஷ்ணன் சீட்டு பாதி கிழிந்தபோது, அசல் லேபிள் தெரியும் என்று குனிந்தான். தெரிந்தது பச்சை நிறத்தில் இன்னொரு கடைச்சீட்டின் ஓரம்.

"இன்னும் ஒண்ணா!" என்று தட்டை ஆவிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான். அதுதான் தப்பு. துணியைப் பிரித்தபோது தட்டு லேசாக அப்பளம்போல் நெளிந்திருந்தது. பதறிப்போய்க் கடைக்கு ஓடிப் போட்டுப் பார்த்தான். முள் படகைப் போல் ஏறி இறங்கியது. இதுவரை பாடிக்கொண்டிருந்தவள் இப்போது விம்மிக்கொண்டே பாடினாள்.

"அழாத" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான் செங்கல்வராயன். "நான் வந்துகினே கீறேன்."

இனி ஆவி காட்டினால் தட்டே போய்விடும். முனிகிருஷ்ணனிடம் நேரில் கேட்டுவிடுவதுதான் வழி. கெட்டி அட்டை நாவல்கள் இரண்டை எடுத்து, தட்டை நடுவில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். தாயாரம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தை அவன் சட்டைப்பைக்குள் திணித்தாள்.

"பொண்ணு ஊட்டு விலாசம். நான் தரகரோட முன்னாடி போறேன். நாலு மணிக்கு நீ வரலன்னா..."

"செங்குன்றம். தெரியும்மா."

பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது மணி பத்தரை. முனிகிருஷ்ணன் கடை வாசலில் ஒரு ஸ்பீக்கரைத் தலைகீழாகப் போட்டு, அதற்குள் இருந்த குருவிக்கூட்டை எடுத்துக்கொண்டிருந்தான். குட்டையான, கனமான ஆள். நாவல் கட்டைப் பிரித்துத் தட்டைக் காட்டியதும் அவன் முதலில் பார்த்தது நடுவட்டத்தைத்தான்.

"அடப்பாவி! இது என் சீட்டு. இது என் ரெக்கார்டு! மூணு மாசமா நான் தேடிக்கினு கீறேன், நீ இன்னாடான்னா நோகாம தூக்கினு போயிருக்கற!"

"பெட்டி மாறிடுச்சுண்ணே. என்னோட ரெக்கார்டு நாலு உன் பெட்டில கீது, தெரியுமா?"

"எங்க காட்டு."

செங்கல்வராயன் முனிகிருஷ்ணன் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினான். நான்கிலும் முனிகிருஷ்ணன் சீட்டு பளபளவென்று இருந்தது.

"பாத்தியா? என் சீட்டு ஒட்டியிருக்குது. அப்பறம் எப்படி அது உன்னுதாவும்?"

நியாயம்தான். தொழில் வழக்கத்தை எதிர்த்து யார் பேச முடியும்? செங்கல்வராயன் பேச்சை மாற்றினான்.

"எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோண்ணே. இதுல பாடறது யாருன்னு மட்டும் சொல்லு."

"அது யாருக்குத் தெரியும்? எவளோ ஒரு பொம்பள. பேஜாரா இழுத்துக்கினே இருப்பா. யாரும் கேக்கலன்னா விடிகாலையில ஓட வுடுவேன்."

பேஜாரா! செங்கல்வராயனுக்குக் காது மடல் சிவந்தது. அடக்கிக்கொண்டு, கிழிந்த இடத்தில் தெரிந்த பச்சையைச் சுட்டிக் காட்டினான். "உன் சீட்டுக்கு அடியில இது யாரு சீட்டுண்ணே?"

முனிகிருஷ்ணன் வேறு பக்கம் பார்த்தான். "பச்சக் கலரு... பொன்னேரி பச்சையப்பன் சீட்டு மாதிரி கீது. ஒரு திருவிழாவுல... காத்துல பறந்து வந்து ஒட்டிக்கினு இருக்கும்."

"உன் சீட்டுக்கு அடியிலயா?"

"இன்னாப்பா உனக்கு வேணும் இப்ப?"

"பச்சையப்பனாண்ட போய்க் கேக்கணும்."

"ரெக்கார்டோடயா? நானும் வரேன். என் பொருள உன்ன நம்பி ஒருக்கா வுட்டதே போதும்."

இரண்டு பேரும் பாசஞ்சரில் ஏறினார்கள். தட்டு வைத்த நாவல் கட்டின் ஒரு முனையை இவனும் மறுமுனையை அவனும் பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது பைக்குள் கையை விட யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவரே இரண்டு பேர் பையிலிருந்தும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

பொன்னேரியில் பச்சையப்பன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, நெற்றி நிறைய விபூதி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டு நடுவட்டத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி திருவிழாவுல காணாப் போச்சு. என்னப் பெத்தவளாண்ட கூடச் சொல்லாம மனசுக்குள்ளயே போட்டு வெச்சிருந்தேன். திருடினவனுங்க ஜோடியா வந்து நிக்கிறிங்களே, கொஞ்சம் கூடவா வெக்கமில்ல?"

"யோவ், யார திருடன்ற?" என்று முனிகிருஷ்ணன் எகிறினான்.

"உன்னத்தான்யா. என் சீட்டு மேல சீட்டு ஒட்டினவன் யாரு?"

"நான் ஒட்டினேன். அதனால அது என்னுது."

"அப்படிப் பாத்தா மேல ஒட்டினது நான்" என்று செங்கல்வராயன் மெல்லச் சொன்னான்.

"நீ உன் சீட்ட நீயே வேக வெச்சுப் பிச்சுட்ட. உனக்கு உரிமை இல்ல" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டது.

"உரிமைய நீங்களே வெச்சுக்குங்க. அதுல பாடறவங்க எங்க இருக்காங்க? அது தெரிஞ்சா போதும் எனக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள தெரியலன்னா என் வாழ்க்கையே போச்சு" என்றான் செங்கல்வராயன்.

பச்சையப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாண வீட்டுத் தொழில் செய்கிறவருக்கு அந்த முகம் தெரியாமல் போகுமா?

"யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஒரு கல்யாணத்துல யாரோ குடுத்தாங்க. பாத்துக்கினே நிக்காத, வா. என் சீட்டுக்கு அடியில அசல் லேபிளு கீது."

தெருமுனை டீக்கடையில் ஜோசப் என்பவர் பாய்லரை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று மைக்செட்காரர்களும் தட்டைப் பிடித்துக்கொண்டு பாய்லர் மூக்குக்கு முன்னால் நின்றார்கள்.

"இன்னாப்பா, அதுக்கும் டீ குடுக்கணுமா?" என்றார் ஜோசப்.

பச்சைச் சீட்டு மெதுவாக எழும்பியது. அதோடு சேர்ந்து அசல் லேபிளும் எழும்பியது. மயில்துத்தப் பசைக்கு விசுவாசம் அதிகம். "இரு, இரு" என்று செங்கல்வராயன் கத்துவதற்குள் பச்சையப்பன் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். லேபிள் பசையோடு பசையாகக் குழைந்து கூழாகிவிட்டது. பேர், ராகம், கம்பெனி, எழுத்து, எண் எதுவும் மிச்சமில்லை. அடிஓரத்தில் மட்டும், யாரோ பேனாவால் எழுதிய ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது: '7, மேட்டுத் தெரு, மீஞ்சூர்.'

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குரலுக்குத் தெருவும் கதவு எண்ணும் கிடைத்துவிட்டது! அந்த மையெழுத்தும் ஆவியில் கரையத் தொடங்கியதைப் பார்த்து, பையில் இருந்த காகிதத்தை அவசரமாக எடுத்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"மீஞ்சூருக்கு நானும் வரேன்" என்றார் பச்சையப்பன். "என் ரெக்கார்டு."

"என் ரெக்கார்டு" என்றான் முனிகிருஷ்ணன்.

ரயிலில் கூட்டம் இல்லை. மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் தட்டை வைத்துக்கொண்டார்கள். செங்கல்வராயன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளியே வேலிகாத்தான் முள்காடும் உப்புக்காற்றும். அவன் கண்ணுக்கு மட்டும் பனி பெய்தது. மேட்டுத் தெரு ஏழாம் எண்ணில் ஒரு மாடி ஜன்னல். அவள் மெலிந்திருப்பாள். இருமல் இன்னும் விட்டிருக்காது. திருவள்ளூர்க் காற்று அவளுக்கு நல்லது.

"ஏம்பா, உனக்கு மறதி ஜாஸ்தியா?" என்றான் முனிகிருஷ்ணன். காகிதத்தை அவன் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் ஒரே விலாசத்த எழுதி வெச்சுக்கினு கீற."

செங்கல்வராயன் காகிதத்தைப் பிடுங்கினான். பின்பக்கம் அவன் கையெழுத்து. முன்பக்கம் தரகர் கையெழுத்து. இரண்டிலும் '7, மேட்டுத் தெரு.' தரகர் எழுதிய பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி: 'பெண் பெயர் செல்வி. வயது 22.'

அவன் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு முனிகிருஷ்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சங்கீதம் தெரிந்த குடும்பம் என்று அம்மா சொன்னாளே! ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஸரிகம ஸரிகம என்று அடிக்கிற குடும்பமாக இருக்கும் என்று இவனல்லவா இளப்பமாக நினைத்தான்!

மேட்டுத் தெரு ஏழில் மாடி இல்லை. ஓட்டு வீடு. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே தாயாரம்மாள் தரகரோடு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. மகனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த இரண்டு பேரைப் பார்த்ததும் சுருங்கியது.

"இவங்கல்லாம் யாருடா?"

"மாப்ள தோழருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, முனிகிருஷ்ணன் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தான்.

பெண்ணின் அப்பா நாகமுத்து எழுந்து கும்பிட்டார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அடர்ந்த மீசை. "வாங்க" என்ற ஒரு சொல், பாலத்தில் சரக்கு வண்டி ஏறியது மாதிரி கூடத்தில் உருண்டது. அம்மா குப்பாயி சின்ன உருவம், பட்பட்டென்று பேசுகிறவள். செல்வி காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. குரலைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று செங்கல்வராயன் நினைத்துக்கொண்டான்.

காபியைத் தொடாமல் நாவல் கட்டைப் பிரித்தான்.

"இது... இந்த ஊட்டு ரெக்கார்டுங்களா?"

குப்பாயி ஓடிவந்து பார்த்தாள். பார்த்ததும் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ, நம்ம ரெக்கார்டுங்க இது! அந்தக் கீறல பாரு, நான் ஊறுகா ஜாடிக்கு மூடி வெச்ச கீறலு. எட்டு வருஷத்துக்கு முந்தி மெட்ராஸ்ல ஒரு ஸ்டூடியோவுல பாடி, அம்பது தட்டு போட்டோம். சொந்தபந்தம் அத்தன பேருக்கும் குடுத்தோம். நல்லா கீதுன்னு ஒருத்தர் சொல்லல. கடைசி தட்ட ஒரு கல்யாணத்துல, போடறேன்னு வாங்கினு போனான் ஒரு மைக்செட்டுக்காரன். கட்டைல போறவன், போனவன் போனவன்தான்!"

பச்சையப்பன் தூணுக்குப் பின்னால் நகர்ந்து விபூதியை அழித்துக்கொண்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால்! செங்கல்வராயன் மனக்கணக்குப் போட்டான். பதினாலு வயதில் இப்படி ஒரு தோடியா!

"அப்ப பாடினது இந்த ஊட்லதானா?"

"பின்ன? இதே கூடத்துல, இதே பாயில குந்திக்கினு சாதகம் பண்ண தொண்டைதான்."

நாகமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கால் கட்டைவிரலால் தரையைக் கீறினார். பெற்ற மகளைப் புகழ்ந்தால் தகப்பனுக்குக் கூச்சம் வருவது இயல்புதானே என்று செங்கல்வராயனுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

"நடுவுல ஒரு இருமல் வருமே..."

"அதக்கூடவா கேட்டிங்க!" என்று குப்பாயி வியந்தாள். "அந்த ஒரு இருமலுக்காக ஸ்டூடியோக்காரன் திரும்பப் பாடச் சொன்னான். முடியாதுன்னு எழுந்து வந்தாச்சு."

"நல்லவேள பாடல. அந்த இருமல்லதாங்க உயிரே கீது. மூணு மாசமா அந்த இருமலுக்காகத்தான் நான் விடிகாலைல எழுந்திருக்கேன்."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு 'புக்' என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எத்தனை கட்டை என்று பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"எனக்குச் சம்மதம்" என்றான்.

"பஜ்ஜி சாப்புட்டுச் சொல்லு நைனா" என்றாள் தாயாரம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒரே ஒரு நிபந்தனைங்க" என்றான் செங்கல்வராயன். தரகர் முகம் வெளுத்தது. "இந்தக் குரல் இனிமே சும்மா இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கப்பறம் தினமும் காலைல என் ஊட்ல பாடணும். நான் பக்கத்துல குந்திக்கினு கேக்கணும்."

நாகமுத்துவின் மீசை துடித்தது. அந்தப் பெரிய கண்களில் தண்ணீர் திரண்டது.

"தினமுமா மாப்ள?" என்றார்.

"ஒருநாள் தவறாம."

"எட்டு வருஷமா ஒரு மனுஷன் கேக்கலியே..." என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தேற்றிக்கொண்டு, "ரயில்வே பாஸ் கீது. பேசின்பிரிட்ஜ்ல மாறினா ஏழரைக்கெல்லாம் திருவள்ளூர். நான் தினம் வந்துடறேன் மாப்ள" என்றார்.

மகள்மேல் எவ்வளவு பாசம்! செங்கல்வராயன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தாராளமா வாங்க மாமா. உங்க ஊடு மாதிரி நெனச்சுக்குங்க."

"அக்கம்பக்கத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று குப்பாயி கவலையாகக் கேட்டாள்.

"சொன்னா ஸ்பீக்கர் கட்டிப் போடுவேங்க!"

தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். ரெக்கார்டு தன்னுடையது என்று முனிகிருஷ்ணனும் பச்சையப்பனும் இனி கேட்பதில்லை என்று பஜ்ஜிமேல் கைவைத்துச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு மூன்று மைக்செட்டும் இலவசம் என்று பேசி முடித்து, மூன்றையும் ஒரே சமயத்தில் போடக் கூடாது என்று தாயாரம்மாள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒருதரம் போட்டுக் கேட்டுடுவோமே" என்றாள் குப்பாயி.

நாகமுத்து பரணிலிருந்து பழைய ரெக்கார்டு ப்ளேயரை இறக்கி, வேட்டி முனையால் தூசு தட்டினார். எத்தனை வருஷத் தூசோ, கூடமே அதிரும்படி இருமினார். முனிகிருஷ்ணன் ஒயரைச் சொருகினான். பச்சையப்பன் முள்ளை ஊதிச் சுத்தம் செய்தார். செங்கல்வராயன் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, சுவாமிக்குப் பூ வைப்பதுபோல் வைத்தான். அவன் கை பழக்கத்தில் தானாகப் போய் வேகக் குமிழை நாற்பத்தைந்துக்குத் தள்ளியது.

கதவோரம் நின்ற செல்வி அதைப் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"முப்பத்திமூணுல வைங்க, சின்ன தட்டுதானேன்னு நாப்பத்தஞ்சுல வெச்சா, எங்கப்பா பாடினது பொம்பள பாடறாப்பல கேக்கும்."